சாமுவேல் பீப்ஸும் அவர் பயின்ற நூல்களும்

ஒருவர் மறைந்தபின் அவர் வைத்திருந்த நூல்களை எண்ணிப் பட்டியல் எழுதிவிடலாம். அப்பட்டியல் அவர் எவற்றை வாங்கினார் என்பதைச் சொல்லும். எவற்றைப் படித்தார் என்பதைச் சொல்லாது. எதனை நள்ளிரவு கடந்தும் கீழே வைக்க மனமின்றிப் படித்தார், எதனைப் பாதியில் மூடினார், எதனைப் பிறர் புகழ்ந்தமையால் வாங்கினார், எதனைப் பிறர் காணாவண்ணம் மறைத்தார் என்பனவெல்லாம் பட்டியலுக்கு எட்டாத செய்திகள். நம் கல்லூரி நூல்நிலையப் பதிவேட்டைப் புரட்டுவோரும் இதனை உணர்வர். எடுத்துச் சென்ற நாளும் திருப்பித் தந்த நாளும் அங்கே உள. இடைப்பட்ட நாள்களில் அந்நூல் திறக்கப்பட்டதா என்பதற்குச் சான்றில்லை.

இக்குறையை நிறைப்பவை நாட்குறிப்புகளும் கடிதங்களுமே. நம்மவருள் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். ஆயின் அது பெரிதும் வாணிகமும் அரசியலும் பற்றியது. தம் படிப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தோரைத் தேடின், அவருக்கு முந்திய நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பாரே நம்முன் வந்து நிற்கிறார். ஆங்கில வகுப்பிலே அவர் பெயரைக் கேட்ட பழைய மாணவர் பலர், 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயையும் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயையும் கண்டு எழுதியவர் என்ற அளவில் அவரை நினைவிற் கொண்டிருப்பர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவருடைய மற்றொரு முகம்.

1633ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் இலண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பீப்ஸ் பிறந்தார். தாயார் இறைச்சி வாணிகர் குடும்பத்தவர். செல்வம் இல்லாத வீடு. ஆயினும் பையன் புனித பவுல் பாடசாலையிற் பயின்று, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து மக்டலீன் கல்லூரியிற் சேர்ந்து 1654இல் பட்டம் பெற்றார். (எழுத்திலே மக்டலீனாயினும் அவ்வூரார் நாவில் அது மோட்லின்.) அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் பதினைந்து வயதுப் பெண்ணை மணந்தார். அவர் தந்தையார் பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். 1658இலே சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை அறுத்தெடுக்கும் சிகிச்சைக்கு, மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலே, தம் உடலை ஒப்புவித்துப் பிழைத்தெழுந்தார். உறவினரான எட்வேட் மொன்ரேகு பெருமகனின் ஆதரவால் 1660இல் கடற்படைச் சபையில் எழுதுவினைஞர் பதவி கிட்டியது. இன்றைய எழுதுவினைஞர் பதவியோடு அதனை ஒப்பிடலாகாது. கடற்படையின் கணக்கும் கொள்முதலும் கையில் இருந்த உயர்பதவி அது.

அவ்வாண்டு ஜனவரி முதலாம் நாளே அவர் நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்பொழுது வயது இருபத்தாறு. 1669 மே 31 வரை, ஆறு தொகுதிகளில், பத்து இலட்சம் சொற்களுக்கும் மேலாக அஃது விரிந்தது. தோமஸ் செல்ற்றன் என்பார் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதினமையால் வீட்டார் எவரும் அதனைப் படித்தல் இயலாது. பிறர் படிக்கமாட்டார் என்ற உறுதியே அவரை உண்மை பேச வைத்தது எனலாம். தம் பெருமையோடு தம் சிறுமையையும் அவர் ஒரே கையால் எழுதியுள்ளார்.

மாணவர்க்கு முதலிற் சொல்லத் தக்கது பெருக்கல் வாய்பாட்டுச் செய்தி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், இலத்தீன் நன்கறிந்தவர், இருபத்தொன்பது வயதிலே பெருக்கல் வாய்பாடு தெரியாதவராய் இருந்தார். மர வாணிகரும் கயிறு வாணிகரும் கொடுக்கும் கணக்கைச் சரிபார்க்க அது வேண்டியிருந்தது. 1662 யூலையில் கூப்பர் என்னும் கப்பலாள் ஒருவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாய்பாட்டைப் பாடஞ் செய்தார். எண்சுவடியைத் திண்ணையிலிருந்து ஒப்பித்த நம் முன்னோர் வீட்டுச் சிறுவன் இதைக் கேட்டால் நகைத்திருப்பான். பீப்ஸ் வெட்கப்படவில்லை. அவரே இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் றோயல் சங்கத்தின் தலைவரானார். நியூற்றனின் பிரின்சிப்பியா என்னும் மாபெரும் நூலை அச்சிடும் அனுமதி அவர் பெயரால் வழங்கப்பட்டமையின், 1687இல் வெளிவந்த அந்நூலின் முகப்பிலே அவர் பெயரும் காணப்படுகிறது. அந்நூலை அவர் விளங்கிக்கொண்டார் என்று நாம் சொல்லத் துணியோம். எனினும் 1693இல், பகடைக் காய்களை உருட்டுவதில் எந்த விளைவு நேர்தற்கு வாய்ப்பு மிகுதி என்று அவர் நியூற்றனைக் கடிதமூலம் கேட்க, நியூற்றன் கணக்கிட்டு விடையெழுதிய மடல்கள் இன்றும் உள.

இனி அவர் நூல்களோடு வாழ்ந்த விதத்தைக் காண்போம். அவர் படித்த இடங்கள் பல. அலுவல்மீது கப்பற்றுறைகளுக்கு நடந்து செல்லும்போது கையில் நூலை விரித்துப் பிடித்துக்கொண்டே செல்வார். தேம்ஸ் நதியில் ஓடத்தில் ஏறினும் நூல்தான். பேக்கன் என்னும் அறிஞர், தன் விதியைத் தானே ஆக்கிக்கொள்பவன் என்ற பொருள்பற்றி இலத்தீனில் எழுதிய சிறு கட்டுரையை அவ்வாறு நடையிலே திரும்பத் திரும்பப் படித்தார். தையற்காரர் மகனுக்கு அக்கட்டுரை ஏன் தெவிட்டவில்லை என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1666 ஓகஸ்ட் மாதத்தில் ஓடத்திலிருந்து சேக்ஸ்பியரின் ஒதெல்லோவைப் படித்தார். முன்பு சிறந்ததென மதித்திருந்த அந்நாடகம், அண்மையிற் படித்த வேறொரு நாடகத்தின் முன் அற்பமாகத் தோன்றிற்று என்று எழுதிவைத்தார். அவ்வேறொரு நாடகத்தின் பெயரை இன்று ஆராய்ச்சியாளரன்றி எவர் அறிவார்? நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தையும் மேடையிற் பார்த்துவிட்டு இகழ்ந்தவர் அவர். அதே மனிதர் 1664இல் ஒரு பிற்பகல் முழுவதும் மனைவியாருடன் வீட்டிலிருந்து, ஹம்லெற் நாடகத்திலே இளவரசன் வாழ்வதா சாவதா என்று தன்னுள் வினவும் தனிமொழியை மனப்பாடஞ் செய்தார். அத்தனிமொழி இசையமைத்த வடிவில் அவர் நூலகத்தில் இருக்கிறது. பாடநூல்களில் நாம் இன்று சேக்ஸ்பியரைத் தொழுத கையோடு கற்பிக்கிறோம். அவர் இறந்து ஐம்பது ஆண்டாகும் முன் ஒரு வாசகர் அவரைத் தம் மனம்போல் ஏற்றும் இறக்கியும் மதித்தார் என்பதை அறியும்போது, வகுப்பிலே ஒரு செய்யுளைச் சுவையில்லை என்று சொல்லும் மாணவன்மீது நமக்குச் சினம் சற்றே தணிகிறது.

ஊரார் புகழ்ச்சிக்கும் தம் சுவைக்கும் இடையே அவர் பட்ட பாட்டை ஹியூடிபிராஸ் என்னும் நகைச்சுவைக் காவியம் காட்டும். 1662 டிசம்பர் 26இல் அதனை இரண்டரைச் சிலிங் கொடுத்து வாங்கினார். சிறிது படித்தார், சுவைக்கவில்லை. அன்றைக்கே வேறொருவருக்கு ஒன்றரைச் சிலிங்குக்கு விற்றுவிட்டார். ஆனால் இலண்டன் முழுவதும் அந்நூலையே பேசிற்று. ஆறு வாரங்களுள் மறுபடியும் வாங்கினார். அப்பொழுதும் நகை வரவில்லை. இரண்டாம் பாகம் வெளிவந்தது. முதலில் இரவல் பெற்றுப் பார்த்தார். பின்பு இரண்டு பாகங்களையும் விலைகொடுத்து வாங்கினார். இவ்வாறு வாங்கி வைத்த நூல்கள் நம்மிற் பலர் வீட்டு அலுமாரிகளிலும் உள. வேறுபாடு யாதெனில், நாம் அதனை எழுதிவைப்பதில்லை.

அந்த மூன்றாம் முறை கொள்முதல் நிகழ்ந்தது 1663 டிசம்பர் 10ஆம் நாள். இரண்டு மூன்று பவுண் நூல்களுக்குச் செலவிடலாம் என்ற நிலையில், புனித பவுல் பேராலயத்தின் முற்றத்துப் புத்தகக் கடையில் இரண்டு மூன்று மணிநேரம் அமர்ந்து நூலுக்கு மேல் நூலாக எடுத்துப் பார்த்தார். மனம் நாடியது நாடக நூல்களை: சேக்ஸ்பியர், பென் ஜோன்சன், போமொன்ற். அறிவு தடுத்தது. ஈற்றில் புல்லர் பாதிரியாரின் இங்கிலாந்துப் பெருமக்கள் வரலாறு, அரசியற் கடிதத் தொகுதி ஒன்று, ஒல்லாந்து நாடு பற்றிய சிறு நூல் ஒன்று முதலிய பயனுள்ளவற்றைத் தெரிந்துகொண்டார், கூடவே ஹியூடிபிராஸ். புல்லரின் நூலை அவர் ஏற்கெனவே அறிவார். முந்திய ஆண்டு அது புதிதாக வந்தபோது, தம் குலத்தின் பெயர் அதில் இடம்பெற்றுள்ளதா என்று ஆவலோடு தேடினார். ஆசிரியர் தம்மோடு அதுபற்றிப் பேசியுமிருந்தார். பெயர் எங்கும் இல்லை. வருத்தம் மிகுந்தது, ஆயின் எங்கள் குடும்பம் அவ்வளவு பெரிய குடும்பமும் அன்றே என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். இந்த விழா மலர் கைக்கு வந்ததும் முதலில் எப்பக்கத்தைத் தேடினோம் என்று பழைய மாணவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வாராக.

அவரை உண்மையாக ஆட்கொண்ட நூல் றொபேட் ஹூக்கின் நுண்பொருள் நூலாகும். உருப்பெருக்காடியின் வழியே கண்ட தெள்ளையும் பேனையும் ஈயின் கண்ணையும் பெரும் படங்களாக வரைந்து காட்டிய அந்நூலை 1665 ஜனவரியில் வீட்டுக்குக் கொணர்ந்தார். அடுத்த இரவு படுக்கப் போகாமல் இரண்டு மணிவரை படித்தார். தம் வாழ்நாளிற் கண்ட நூல்களுள் மதிநுட்பத்தால் அதுவே தலையாயது என்பது அவர் முடிபு. றொபேட் போயில் நிறங்களைப்பற்றி எழுதிய நூலோ இரசாயனம் மலிந்திருந்தமையால் அதிகம் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதினார். நூலகம் அமைப்பது எவ்வாறு என்று விளக்கும் ஒரு பிரெஞ்சு நூலை நண்பர் ஜோன் ஈவிலின் மொழிபெயர்த்து 1665இல் அன்பளிப்பாக அனுப்பியபோது, அது தம் தகுதிக்கு மேற்பட்டது என்று குறித்தார். பின்னர் இங்கிலாந்தின் சிறந்த நூலகங்களுள் ஒன்றை அமைத்தவர் இவ்வாறு எழுதினார் என்பது நோக்கத்தக்கது.

மறைக்க விரும்பிய நூல் ஒன்றும் உண்டு. 1668இல் ஒரு பிரெஞ்சு நூலைக் கடையிற் கண்டார். மனைவிக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு உதவும் என்று எண்ணி எடுத்தவர், அது ஒழுக்கக்கேடான நூலெனக் கண்டு வெட்கி வைத்துவிட்டார். சில கிழமைகளின் பின் மீண்டும் அக்கடைக்குப் போய், அழகிய கட்டு வேண்டாமென்று எளிய கட்டிலே வாங்கினார். படித்ததும் எரிக்க வேண்டும், தம் நூற்பட்டியலில் அஃது இருத்தல் ஆகாது என்பது எண்ணம். மறுநாள் படித்தார், அன்றிரவே எரித்தார். பட்டியலை நம்புவோர் பீப்ஸிடம் அந்நூல் இருந்ததில்லை என்பர். நாட்குறிப்பே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

இவையெல்லாம் ஓரளவு நகைத்துக் கடக்கத் தக்கவை. அவ்வாறு கடக்க இயலாத பகுதி அவர் மனைவியார் பற்றியது. எலிசபெத் அம்மையாரும் நூல் விரும்பியே. பிரெஞ்சு மொழியிலுள்ள நெடுங்கதைகளை ஆர்வத்தோடு படித்தார். 1666இல் ஒருநாள் வண்டியிற் செல்லும்போது தாம் படித்த சைரஸ் பெருங்கதையைக் கணவருக்கு நீட்டி நீட்டிச் சொன்னார். பீப்ஸ் பொறுமையிழந்து தடுத்தார். அம்மையார் மனம் நொந்தார். தம்மிலும் பிழையுண்டு என்று கணவர் அடுத்த நாள் எழுதினார். தாம் படித்ததைச் சொல்லக் கேட்பாரில்லாத ஒரு வாசகியின் துன்பம் அந்தச் சிறு குறிப்பிலே தெரிகிறது.

அதற்கு மூன்றாண்டு முன் நிகழ்ந்தது இதினும் கொடியது. கணவர் அலுவலகத்திலும் நாடக அரங்கிலும் பொழுது கழிக்க, தாம் வீட்டிலே தனித்திருந்து படும் துயரை அம்மையார் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். 1662 நவம்பரில் பீப்ஸ் அதனைப் படிக்காமலே எரித்தார். அம்மையார் படி ஒன்று எடுத்துப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தார். 1663 ஜனவரி 9ஆம் நாள் காலை அதனை எடுத்து அவர்முன் வாசித்தார். பீப்ஸ் கேட்டார். சொல்லிய குறைகள் பெரும்பாலும் உண்மை என்பதையும், எழுத்திலே கூர்மை இருந்ததையும் அவர் மறுக்கவில்லை. அவருக்குச் சினம் மூட்டியது அது ஆங்கிலத்தில் இருந்ததும், பிறர் கண்ணிற் படக்கூடும் என்பதும். கிழித்துவிடச் சொன்னார், அம்மையார் இணங்கவில்லை. பறித்துக் கிழித்தார். அதனோடு நில்லாது பெட்டியிலிருந்த காகிதக் கட்டுகளையும், மணத்துக்கு முன் தாமே அவருக்கு எழுதிய அன்புக் கடிதங்கள் உட்பட, அவர் கண்முன்னே கிழித்தார். கிழிக்கும்போது தம் நெஞ்சும் வருந்திற்று என்று அன்றிரவு எழுதினார். தம் மனத்தைப் பூட்டி வைக்கச் சுருக்கெழுத்து என்னும் திறவுகோல் அவருக்கு இருந்தது. அம்மையாருக்கு இருந்தது ஒரு பெட்டியின் பூட்டு மட்டுமே. அக்கடிதத்தின் பொருள் இன்னதென்று நாம் அறிவது அதனைக் கிழித்தவரின் குறிப்பினாலேயே. அவ்வாண்டின் பிற்பகுதியில் மனைவியாருக்கு எண்கணிதமும் பூகோள உருண்டையைப் பயன்படுத்தும் முறையும் அவர் தாமே கற்பித்தார். கழுவாய் என்று கொள்வதோ, பொழுதுபோக்கு என்று கொள்வதோ, வாசகர் துணிக.

1666 செப்டெம்பர்த் தீ இலண்டனை அழித்தபோது பீப்ஸின் வீடு தப்பிற்று. வண்டியேற்றி அனுப்பிய நூல்களுட் சில பெரிய நூல்கள் திரும்பி வரவில்லையென்று சில நாள் உறக்கமிழந்தார். பின் அவை கிடைத்தன. புத்தக வாணிகருக்கு அந்த நல்வினை இல்லை. கல்லாலான புனித பவுல் பேராலயம் எரியாது என நம்பி, அதன் நிலவறைக் கோயிலில் தம் நூல்களையெல்லாம் அடுக்கியிருந்தனர். கூரை சரிந்து தீ உட்புகுந்தது. எரிந்த நூல்களின் பெறுமதி ஒன்றரை இலட்சம் பவுணுக்கு மேல் என்று அவ்வாணிகர் சொல்லக் கேட்டுப் பீப்ஸ் எழுதினார். அவருடைய புத்தகக் கடைக்காரர் கேட்டன் செல்வரா யிருந்தவர் வறியரானார். அடுத்த ஆண்டு இறந்தார். துயராலேயே இறந்தார் என்று பீப்ஸ் கருதினார். 1981இல் யாழ்ப்பாணத்துப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட நம்மவர்க்கு இக்குறிப்பை அகராதியின் துணையின்றியே விளங்கிக்கொள்ள முடியும்.

நூல்கள் நாற்காலிகளின்மேல் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தமையால், தீக்குச் சில கிழமை முன்னரே சிம்சன் என்னும் தச்சரைக் கொண்டு கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிகள் செய்விக்கத் தொடங்கியிருந்தார். அலுமாரி வந்தது, கண்ணொளி குன்றத் தொடங்கிற்று. மெழுகுதிரி வெளிச்சத்தில் இரவிரவாக அலுவற் கணக்கும் நாட்குறிப்பும் எழுதிய கண்கள் எரிந்தன, நீர் வடித்தன. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். 1668இல் காகிதக் குழாய்களைக் கண்ணில் வைத்து அவற்றினூடே படித்தார். பின்னர்ப் பிறர் வாசிக்கக் கேட்பதே வழியாயிற்று. அவ்வாண்டு நத்தார் நாளில் மனைவியார் தம் பாவாடைக்குப் பின்னற்கரை தைத்துக்கொண்டிருக்க, பணிப்பையன் யூலியஸ் சீசரின் வாழ்க்கையையும் தேக்காட் எழுதிய இசைநூலையும் உரத்து வாசித்தான். இசைநூல் பீப்ஸுக்கு விளங்கவில்லை. வண்டியிலே கதை சொல்லித் தடையுண்ட எலிசபெத் அம்மையாரும் இப்பொழுது இரவுதோறும் நூலெடுத்து அவருக்கு வாசித்தார். அவர் குரலுக்குக் கணவர் காத்திருந்த காலம் அது.

1669 மே 31ஆம் நாள், இனியும் எழுதினால் பார்வை முற்றாகப் போய்விடும் என்றஞ்சி நாட்குறிப்பை நிறுத்தினார். இனி எழுதுவதாயின் பிறர் கையால், பிறர் அறியத் தக்கவற்றை மட்டும் எழுதுவித்தலே கூடும் என்றும், இது தம்மைத் தாமே அடக்கஞ் செய்வதற்கு ஒப்பாகும் என்றும் வருந்தினார். கண் போகவில்லை, பின்னும் முப்பத்துநான்கு ஆண்டு அவர் பார்வையோடு வாழ்ந்தார். போனது வேறு. அவ்வாண்டுக் கோடையில் இருவரும் பாரிஸ் முதலிய இடங்களுக்குப் பயணஞ் சென்று திரும்பியதும் அம்மையார் காய்ச்சலுற்றார். நவம்பர் 10ஆம் நாள் இருபத்தொன்பதாம் வயதில் இறந்தார். அத்துயரை நாம் அறிய நாட்குறிப்பு இல்லை. பீப்ஸ் பின்னர் மணம் புரிந்திலர்.

எஞ்சிய வாழ்வை விரைந்து கூறுதல் போதும். 1673இல் கடற்படைச் செயலாளரானார். 1679இல் பொய்க் குற்றச்சாட்டினால் இலண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். 1684இல் மீண்டும் பதவி பெற்றார். 1689இல் ஆட்சி மாறப் பதவி துறந்தார். 1703 மே 26இல் கிளப்பம் என்னும் ஊரில் இறந்து, மனைவியார் துயிலும் ஆலயத்திலேயே அடக்கமானார்.

ஓய்வுக்காலம் முழுவதும் நூலகத்துக்கே உரியதாயிற்று. ஈவிலினுடன் அதுபற்றி நீண்ட கடிதங்கள் பரிமாறினார். மூவாயிரம் நூல்கள், பன்னிரண்டு அலுமாரிகள். நூல்களைப் பொருள்வகையாலன்றி உயரத்தால் ஒழுங்குபடுத்திச் சிறியதிலிருந்து பெரியதுவரை இலக்கமிட்டார். உயரம் குறைந்த நூலின் அடியில், அதன் கட்டைப்போலவே தோல் போர்த்த மரக்கட்டையை வைத்து வரிசையைச் சமன் செய்தார். நூலை இவ்வாறு அளவுகோல் கொண்டு அடுக்குவது நமக்கு உவப்பன்று. ஆயினும் தெருவிலே ஒரு பெனிக்கு விற்ற பாட்டுத் தாள்களை, கற்றோர் இகழ்ந்து எறிந்தவற்றை, ஆயிரத்தெழுநூறுக்கு மேல் தொகுத்து ஐந்து பெருந்தொகுதிகளாகக் காத்தவரும் அவரே. அத்தொகுதிகள் இன்றேல் அப்பாட்டுகளுட் பல இன்று இல்லை. புதிய பதிப்பு வந்தால் பழையதை நீக்குவது அவர் வழக்கம். ஆதலின் நாட்குறிப்பிற் பேசப்படும் படிகளுட் பலவற்றை அலுமாரியிற் காண்பதரிது.

உயில்வழி அந்நூலகம், மருமகன் காலத்துக்குப் பின் 1724இல் அவர் பயின்ற கல்லூரிக்கு வந்தது. ஒரு நூலைக் கூட்டவும் ஆகாது, ஒரு நூலைக் குறைக்கவும் ஆகாது. தவறின் முழுவதும் அயலிலுள்ள திரினிற்றிக் கல்லூரிக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. ஒரு பழைய மாணவர் தம் கல்லூரிக்கு இட்ட விலங்கு எனலாம். மூவாயிரமும் இன்றுவரை அவ்வாறே உள.

அவற்றிடையே நாட்குறிப்பின் ஆறு தொகுதிகளும் நூறாண்டுக்கு மேல் படிப்பாரின்றிக் கிடந்தன. ஈவிலினின் நாட்குறிப்பு 1818இல் அச்சாகிப் புகழ்பெற்ற பின்னரே இதன்மீது கண் சென்றது. ஜோன் சிமித் என்னும் வறிய மாணவரிடம் அதனைப் பெயர்த்தெழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1819 முதல் மூன்றாண்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதினான்கு மணிநேரம் உழைத்து, அக்குறிகளைத் தாமே ஆராய்ந்து அவர் படித்து முடித்தார். கிடைத்த கூலி இருநூறு பவுண். 1825இல் பிறேபுறூக் பிரபு சுருக்கி வெளியிட்ட பதிப்பு அவருழைப்பின் பயன். குறைவின்றி முழுதும் அச்சாகப் பதினொரு தொகுதிகளாக 1970 முதல் 1983 வரை சென்றது. அச்சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் செல்ற்றனின் கைந்நூல் அதே நூலகத்தில், பீப்ஸ் இட்ட இலக்கத்தோடு, தன் இடத்தில் இருந்தது. சிமித்துக்கு அதனை எவரும் சொல்லவில்லை.